வருமானம் இல்லாதவருக்கும் ஏப்ரல் 30 உண்டு

மார்ச் பிறந்தால் எனக்குச் சனிக்கிழமைகள் கிடையாது. கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் எடுத்துப் போகிற தூரத்தில் ஒரு சமூக நிலையம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தால் எழும்ப நாலு மணியாகும். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. பணம் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. இந்தத் தொண்டர் திட்டத்தைக் கனடா அரசு 1971 முதல் நடத்தி வருகிறது. ஒவ்வொரு வருடமும் பெயரைப் பதிய வேண்டும், பொலிஸ் சான்றும் இருக்க வேண்டும். எனக்கு இது ஏழாவது வருடம். அதற்கு முன்னால் இருபது வருடம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். அங்கே பார்த்த எண்களுக்கு முகம் இருக்கவில்லை. இங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பதிவு ஒரு அம்மாவைப் பற்றியது. ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நகைக்கடைப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவர் வந்து உட்கார்ந்தார். வயது எழுபத்தாறு. பைக்குள் இரண்டு வருடக் கடிதங்கள், பாதி உடைக்கவே இல்லை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லைப் பிள்ளை. எல்லாம் அவர்தான் பாக்கிறவர்" என்றார். கணவர் 2023 ஜூலையில் இறந்துவிட்டார். கல்கரியில் இருக்கிற மகன் நல்ல பிள்ளை. அப்பாவின் கடைசி வரிக் கணக்கை ஒரு கணக்காளரிடம் கொடுத்து, கடைசி நாளான 2024 ஏப்ரல் 30க்குள் ஒழுங்காக முடித்திருக்கிறார். அம்மாவுடையதை யாரும் செய்யவில்லை. கேட்டால் மகனும் அம்மாவும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வருமானம் இல்லைத்தானே."

இந்த ஒரு வசனம்தான் எங்கள் சனத்துக்கு எவ்வளவு நட்டத்தைக் கொடுக்கிறது என்று நான் ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரில் வருமான வரி என்றால் பெரிய உத்தியோகத்தருக்கும் வியாபாரிக்கும் உரிய சங்கதி. தோட்டம் செய்தவருக்கும் வீட்டில் இருந்தவருக்கும் அதோடு ஒரு தொடர்பும் இருக்கவில்லை. அந்த நினைப்போடுதான் இங்கே வந்து இறங்குகிறோம். ஆனால் கனடாவில் வரியை வாங்குகிற அதே அலுவலகம்தான் காசைக் கொடுக்கிற அலுவலகமும். கனடா வருவாய் முகவரகம், எல்லோரும் சொல்கிற சி.ஆர்.ஏ. பிள்ளைக் காசு அங்கிருந்து வருகிறது. விற்பனை வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஜி.எஸ்.ரி. காசும் அங்கிருந்துதான். வாடகை போன்ற செலவுக்கு உதவியாக ஒன்ராறியோ மாகாணம் கொடுக்கிற ட்ரிலியம் காசையும் மாகாணத்துக்காக அவர்களே கணக்குப் பார்த்து, மாதம் 10ஆம் திகதி வங்கியில் போடுகிறார்கள். இதையெல்லாம் யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க அவர்களிடம் இருக்கிற கருவி ஒன்றுதான்: போன வருட வரிப் படிவம். படிவம் போகவில்லை என்றால் உங்கள் வருமானம் பூச்சியம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. தெரியாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தெரியாத ஆளுக்குக் காசு இல்லை.

இந்த ஏற்பாடு எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1945இல் குடும்பக் கொடுப்பனவு தொடங்கியபோது அது வரியோடு சம்பந்தப்படாமல் தாய்மாருக்குத் தனியாகப் போன காசு. 1993இல்தான் அது வரிப் படிவத்தோடு கட்டுப்பட்டது. வருமானம் பார்த்துக் கொடுக்கலாம் என்பது அதன் நியாயம். நல்ல நியாயம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து, படிவம் நிரப்பத் தெரியாத தாய்க்கும் காசுக்கும் நடுவில் ஒரு கதவு வந்துவிட்டது.

அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவருடைய வங்கிப் புத்தகத்தைப் பார்த்தேன். 2024 ஜூன் வரை மாதா மாதம் ஒரு தொகை, ஜூலையிலிருந்து அதில் பாதியும் இல்லை. ஏன் குறைந்தது என்று யாரிடமும் கேட்கவில்லையா அம்மா என்று கேட்டேன். "அவர் போயிட்டார் எண்டபடியால் குறைச்சுப்போட்டாங்கள் எண்டு நினைச்சன்" என்றார். எட்டு மாதம். ஒரு முறைப்பாடும் இல்லாமல் இருந்திருக்கிறார். பேரனின் பிறந்தநாளுக்குக் காசு அனுப்பியிருக்கிறார். பல்வலிக்கு மட்டும் போகவில்லை.

நடந்தது இதுதான். முதியோர் பென்சனைக் கொடுப்பது சேர்விஸ் கனடா என்கிற இன்னொரு அரசு அலுவலகம், சி.ஆர்.ஏ. அல்ல. பத்து வருடமாவது இங்கே வாழ்ந்தவருக்கு அறுபத்தைந்து வயதில் அது தொடங்கும். முழுத் தொகை வேண்டுமென்றால் நாற்பது வருடம். எங்கள் பெற்றோர் பலர் ஐம்பது வயதுக்குப் பிறகு வந்தவர்கள், அவர்களுக்கு அடிப்படைப் பென்சன் துண்டுதான் கிடைக்கும். மீதியைத் தாங்குவது, வருமானம் குறைந்த முதியோருக்கான ஜி.ஐ.எஸ். என்கிற துணைத்தொகை. அந்த நாட்களில் தனியாக வாழ்கிறவருக்கு அது மாதம் 1,080 டொலருக்கும் மேல் வரை போகக்கூடியதாக இருந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் அதைப் புதுப்பிக்கிறார்கள். நீங்கள் ஏப்ரல் 30க்குள் வரிப் படிவம் அனுப்பியிருந்தால் சி.ஆர்.ஏ.யிடமிருந்து வருமான விவரம் தானாகப் போய்ச் சேரும், உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அனுப்பாவிட்டால் வருமானம் கேட்டுக் கடிதம் வரும். அதற்கும் பதில் இல்லை என்றால் ஜூலையில் காசு நிற்கும். அந்தக் கடிதம் நகைக்கடைப் பைக்குள், உடைக்காமல் இருந்தது.

ஜூலை என்றால் எங்களுக்கு ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும் செய்கிற மாதம். இங்கே எல்லாக் கொடுப்பனவுக்கும் வருடம் பிறப்பதும் அந்த மாதத்தில்தான். ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை ஒரு கணக்கு. என்னிடம் வருகிற அம்மாமாரிடம் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பது: ஏப்ரலில் விதைத்தால் ஆடியில் வரும்.

அன்று அவருக்கு இரண்டு வருடப் படிவம் செய்தேன், 2023க்கும் 2024க்கும். திருமண நிலை என்ற இடத்தில் 'கணவரை இழந்தவர்' என்பதைத் தெரிவுசெய்து, திகதி கேட்டேன். திகதியை உடனே சொன்னார், கிழமையோடும் திதியோடும். வாடகைப் பற்றுச்சீட்டு இருந்தது. வாடகைத் தொகை தெரியாவிட்டால் ட்ரிலியத்துக்கான வாடகைப் பகுதியை நிரப்ப முடியாது. அந்தப் பகுதியை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். வரி கட்ட வேண்டியது பூச்சியம். எனவே பிந்தியதற்குத் தண்டமும் பூச்சியம். இதைக் கேட்டு அவர் பெருமூச்சு விட்டார். எட்டு மாதம் யாரிடமும் கேட்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பயம்தான். பிந்திவிட்டது, போனால் தண்டம் போடுவார்கள் என்று. பிந்தியதற்கான தண்டம், கட்ட வேண்டிய வரியில் 5 வீதம், பிறகு ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதம். கட்ட வேண்டியது ஒன்றும் இல்லாதவருக்கு 5 வீதமும் ஒன்றுமில்லைதான். தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

மின்வழியாக அனுப்பிய சில விநாடிகளில் உறுதி எண் வந்தது. அதை எழுதிக் கொடுத்தேன். பிறகு அடுத்த கிழமை அவரோடு சேர்விஸ் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினேன். ஜி.ஐ.எஸ். பொதுவாகப் பதினொரு மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கிடைக்காது. அவர் வந்தது ஒன்பதாவது மாதம். மே மாதம், நின்றுபோன ஜூலையிலிருந்து எல்லாம் சேர்ந்து வங்கிக்கு வந்தது. அதை அறிந்த அன்று நான் வீட்டில் ஒருவரோடும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். இன்னும் சில மாதம் பிந்தியிருந்தால் என்ற நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பல்லுக்கும் வழி பிறந்தது. கனடாப் பல் பராமரிப்புத் திட்டத்துக்கும் வரிப் படிவம் போயிருக்க வேண்டும். குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழே என்று அவர்கள் பார்ப்பதும் அதே படிவத்தில்தான்.

கடிதம் உடைக்காத பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நான் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். கொரோனா வந்த 2020இல் நாலு கிழமைக்கு 2,000 டொலர் கொடுத்தார்களே, அதில் வரி பிடிக்காமல்தான் கொடுத்தார்கள். அடுத்த வருடம் வரி வந்தது. முந்தைய வருமானம் 5,000 டொலர் இருக்க வேண்டும் என்ற விதியை விளங்காமல் வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. அதே காலத்தில் சி.ஆர்.ஏ. என்று சொல்லி மிரட்டுகிற கள்ளத் தொலைபேசி அழைப்புகள் வேறு. கடையில் பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லு, இல்லாவிட்டால் பொலிஸ் வரும் என்பார்கள். எந்த அரசு அலுவலகமும் வரியைப் பரிசு அட்டையில் வாங்காது. இரண்டும் கலந்து, உறையில் அந்த அலுவலகத்தின் பெயரைக் கண்டாலே கை நடுங்குகிற நிலை வந்துவிட்டது. ஆனால் நான் உடைத்துப் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை. ஒரு பற்றுச்சீட்டின் பிரதி கேட்டிருப்பார்கள். முகவரி சரியா என்று கேட்டிருப்பார்கள். பதில் அனுப்ப ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதிக்குள் அனுப்பினால் விஷயம் முடிந்தது. பற்றுச்சீட்டுகளை ஆறு வருடம் வைத்திருங்கள், எறியாதீர்கள்.

சரி, இனி இன்னொரு குடும்பம். இது வருமானம் உள்ளவர்களின் கதை.

2025 ஏப்ரலில் ஒரு இளம் தம்பதி. அகதிக் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள். நாலு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோரிக்கை ஏற்கப்படும் வரை பிள்ளைக் காசு இல்லை, ஏற்றபின் விண்ணப்பித்து வாங்கத் தொடங்கியிருந்தார்கள். மனைவி மட்டும் படிவம் செய்ய வந்தார். கணவர் வெளியே காரில். அவர் உணவகமொன்றில் வேலை, பாதிச் சம்பளம் முதலாளி கொடுக்கிற ரி4 என்ற சம்பளத் துண்டோடு, மற்றப் பாதி கைக்காசாக. "அவற்ற காட்டினால் பிள்ளைக் காசு குறையுமாம் அன்ரி. என்னுடையதை மட்டும் செய்யுங்கோ."

முதலில், அது முடியாது. பிள்ளைக் காசு இருவரின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது. ஒருவருடைய படிவம் போகாவிட்டாலும் ஜூலையில் முழுவதும் நிற்கும். அவரை உள்ளே கூப்பிடச் சொன்னேன். தம்பி வந்து உட்கார்ந்தார், முகத்தில் கோபம். ரி4 இல் 14,000 டொலர். மனைவிக்கு 6,000. கைக்காசு எவ்வளவு என்று கேட்டேன். "அது கணக்கில இல்லை" என்றார். கணக்கில் இல்லை என்றால் நான் செய்ய மாட்டேன், தெரிந்துகொண்டு பொய்ப் படிவம் அனுப்ப முடியாது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. சமையலறையில் பத்து மணித்தியாலம் நிற்கிற பிள்ளை.

அடுத்த சனி இருவரும் வந்தார்கள். தமிழ்க்கடையில் இலவசமாகத் தருகிற நாட்காட்டியைத் தம்பி கொண்டுவந்திருந்தார். ராகுகாலம், நல்லநேரம் போட்ட கட்டங்களுக்குள் ஒவ்வொரு வெள்ளியும் கையில் வாங்கிய காசு பென்சிலில் எழுதியிருந்தது. கூட்டினோம். 9,000 டொலருக்குக் கிட்ட வந்தது. ரி4 இல் வராத ஊழியச் சம்பளத்தை எழுதப் படிவத்தில் தனி இடம் இருக்கிறது. 10400 என்ற எண், கடையில் கிடைக்கிற டிப்ஸ் காசும் அங்கேதான் வரும். அங்கே போட்டேன். பிறகு கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, கணக்கை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

மொத்தக் குடும்ப வருமானம் 29,000 டொலர் அளவில். 2025 ஜூலைக் கணக்கில் பிள்ளைக் காசு குறையத் தொடங்கியது 37,487 டொலருக்கு மேலே. அதற்கு மேலேயும் ஒரேயடியாக வெட்ட மாட்டார்கள். ஒரு பிள்ளை என்றால் மேலதிகமான ஒவ்வொரு 100 டொலருக்கும் 7 டொலர், இரண்டு பிள்ளை என்றால் பதின்மூன்றரை. எனவே இவர்களுக்கு ஒரு சதமும் குறையவில்லை. ஆறு வயதுக்குக் கீழே வருடத்துக்கு 7,997 டொலர், பெரிய பிள்ளைக்கு 6,748. மாதம் 1,228 டொலர் 75 சதம், 2025 ஜூலை முதல். மத்திய வருமான வரி பூச்சியம். அதோடு, உழைக்கிற குறைந்த வருமானக் குடும்பத்துக்கு என்று ஒரு கொடுப்பனவு இருக்கிறது. 2024ஆம் வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 2,739 டொலர். உழைத்த காசைக் காட்டினால்தான் அது வரும். படிவமே செய்யாமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

உண்மை சொன்னதற்கு விலையே இல்லை என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. ஒன்ராறியோ சுகாதாரக் கட்டணம் 180 டொலர் அளவில் வந்தது. மாகாணத்தின் பிள்ளைக் கொடுப்பனவு சிறிது குறைந்தது. இரண்டையும் திரையில் காட்டினேன். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு வருஷம் பயந்தனான்?" என்றார். அதன்பிறகு போன வருடப் படிவத்தையும் திருத்தலாமா என்று அவராகவே கேட்டார். திருத்தலாம். தவறை நீங்களே போய்ச் சொல்வதற்கும் அவர்கள் பிடித்தபின் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பொய் சொல்லச் சொல்லி இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம் தருகிற விஷயம். ஒரு பிளாசாவில் வரி செய்து கொடுக்கிற ஒருவர், ஒரு அன்ரியிடம் 150 டொலர் வாங்கிக்கொண்டு, அவர் கொடுக்காத தர்மக் காசைக் கொடுத்ததாக எழுதியிருந்தார். இரண்டு வருடம் கழித்துப் பற்றுச்சீட்டுக் கேட்டுக் கடிதம் வந்தபோது அந்த மனிதர் தொலைபேசியை எடுக்கவில்லை. படிவத்தில் கையெழுத்து அன்ரியுடையது, எனவே கடனும் அவருடையது. திரும்பி வருகிற காசை இன்றைக்கே தருகிறேன் என்று சொல்கிற இடங்களும் உண்டு. சட்டப்படி முதல் 300 டொலரில் 15 வீதத்துக்கும், அதற்கு மேலே உள்ளதில் 5 வீதத்துக்கும் மேல் அவர்கள் எடுக்கக் கூடாது. மின்வழியில் அனுப்பினால் இரண்டு கிழமையில் முழுக் காசும் உங்கள் வங்கிக்கே வரும். அந்த இரண்டு கிழமை பொறுக்க முடியாதபடி வாடகை நெருக்குகிறதே என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் முன்னதாகவே வாருங்கள் என்கிறேன். பெப்ரவரிக் கடைசியில் அனுப்பும் வாசல் திறந்துவிடுகிறது.

பிரிந்து வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு பந்தி எழுதத்தான் வேண்டும், கூச்சமாக இருந்தாலும். மணமுறிவால் தொண்ணூறு நாள் தொடர்ந்து பிரிந்திருந்தால்தான் பிரிந்தவர் என்று படிவத்தில் சொல்லலாம். காசுக்காகத் தாளில் மட்டும் பிரிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் உண்மையாகவே பிரிந்த பெண்களுக்குத்தான் கஷ்டம். அடிவாங்கி, வாடகை கொடுக்க வழியில்லாமல் அதே வீட்டின் பேஸ்மென்டில் பிள்ளைகளோடு இருக்கிற ஒருத்தி, தான் தனியாகத்தான் வாழ்கிறேன் என்று தாள் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வாடகைச் சீட்டு, பாடசாலைக் கடிதம், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக. அப்படி ஒரு தங்கச்சிக்குக் கடிதங்கள் சேர்க்க உதவினேன். எட்டு மாதக் கடிதங்களையும் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். பிள்ளை வளர்கிற வீட்டில் தாய் இருந்தால் அவர்தான் பிள்ளைக்குப் பொறுப்பானவர் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது, எனவே காசு தாயின் பெயரில் வருகிறது. அந்தத் தங்கச்சியின் பெயரில் இந்த நாட்டில் வந்த முதல் காசு அதுதான். அந்தக் கணக்கை அவர் கணவருக்குத் தெரியாத வங்கியில் திறந்திருந்தார்.

இந்த மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. மேசைக்கு எதிரே அதே அம்மா. நகைக்கடைப் பை இல்லை. பேரன் வாங்கிக் கொடுத்த பிளாஸ்ரிக் கோப்பு. பென்சன் துண்டு, வாடகைச் சீட்டு, போன வருட மதிப்பீட்டு அறிவித்தல், எல்லாம் ஒவ்வொரு உறையில். எல்லாக் கடிதமும் உடைத்திருந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழும்புவார் என்று பார்த்தேன், எழும்பவில்லை. கதவடியில் நின்ற இன்னொரு வயதான அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அதே மாடிக் கட்டிடத்தில் நாலாம் மாடியாம்.

"இவவுக்கும் வருமானம் ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார். "அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."